வெட்டிய ஒன்பது விநாடி

1. பொங்கல் காலை

நான் செய்த இசை நம் இலங்கைத் தொலைக்காட்சியில் முதன்முதலாக ஒலித்தபோது, நான் குண்டசாலை வீட்டுக் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். தைப்பொங்கல் காலை. முன்னறையில் டீவி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை. பண்டிகை நாளில் டீவி சும்மாவாவது ஓட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். விளம்பரங்கள் முடிந்து பொங்கல் சிறப்பு நிகழ்ச்சி தொடங்கியது. முதலில் ஒற்றைத் தப்பு மேளம். அடுத்து இரண்டாவது, மூன்றாவது. அதற்கடியில் நான் கீபோர்ட்டில் போட்ட பேஸ்.

தேங்காயைப் போட்டுவிட்டு ஓடினேன். திரையில் கோலம், கரும்பு, மஞ்சள் கட்டிய புதுப்பானை. பால் பொங்கி வழியும் இடத்தில் சரியாக என்னுடைய எடிட் பொயிண்ட் விழுந்தது. தாளம் ஒரு கணம் நின்று மறுபடி எழும் இடத்துக்கு அந்தப் பெயர். படத்தை வெட்டி ஒட்டுகிறவர்களின் வசதிக்காக நாங்கள் வேண்டுமென்றே அப்படி விடுவோம். என் மனைவி சாந்தியைக் கூப்பிட்டு, இது என்னுடையது என்றேன். அவள் கரண்டியோடு வந்து நின்று கேட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று பேருக்கு நானே போன் எடுத்துப் பெருமையடித்தேன்.

நாலாவது அழைப்பு தானாக வந்தது. பன்னீர். அந்தத் தப்பை அடித்தவர்.

"மாஸ்டர், டீவி பாத்தீங்களா?"

பார்த்தேன், நம்ம மேளம்தான் என்று குதூகலமாகச் சொன்னேன். அவருக்குப் பின்னால் யாரோ சத்தம் போடுவது கேட்டது.

"லயத்துல எல்லா வீட்டுக்கும் கேட்டிச்சு மாஸ்டர். எல்லா வீட்லயும் பான அடுப்புல இருக்கு. டீவில சாவு மேளம் அடிக்குது. அப்பிடிப் போட மாட்டேன்னு நீங்க சொன்னீங்களே."

ஏதோ கைதவறி நடந்த கதை என்று நீங்கள் நினைத்தால் இந்த இடத்திலேயே திருத்திக்கொள்ளுங்கள். அது சாவு மேளம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

2. சொல்லைத் தட்டினால் வரும் இசை

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் இளையவர்கள் என்னிடம் கேட்பதால் முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன்.

இருபத்திரண்டு வருடம் கல்யாண மண்டபங்களில் கீபோர்ட் வாசித்தவன் நான். பிலிமத்தலாவையிலிருந்து குண்டசாலை வரை எந்த மண்டபத்தில் எந்த பிளக் பொயிண்ட் ஷொக் அடிக்கும் என்று இன்றைக்கும் சொல்வேன். மற்ற நேரத்தில் வீட்டில் கீபோர்ட் வகுப்பு. அதனால்தான் 'மாஸ்டர்' என்ற பெயர். கொரோனா வந்து மண்டபங்களைப் பூட்டியது. பிள்ளைகள் போனில் பார்த்துக் கீபோர்ட் பழகத் தொடங்கினார்கள். அப்போதுதான் ஒரு நண்பர் மூலம் லைப்ரரி மியூசிக் என்ற வேலை எனக்கு அறிமுகமானது.

தையற்காரரிடம் அளவு கொடுத்துச் சட்டை தைப்பது ஒரு வகை. கடையில் தொங்கும் சட்டையை எடுத்துப் போடுவது இன்னொரு வகை. லைப்ரரி மியூசிக் இரண்டாவது வகை. எந்தப் படத்துக்கு என்று தெரியாமலே நாங்கள் இசையைச் செய்து லைப்ரரியில் ஏற்றிவிடுவோம். உலகத்தில் எங்கேயோ ஒரு டீவிக்காரர் 'சோகம்' அல்லது 'கிராமம்' என்று ஒரு சொல்லைத் தட்டுவார். முப்பது துண்டுகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் பத்து விநாடி கேட்பார். பிடித்ததை எடுத்துக்கொள்வார். எடுத்தால் லைப்ரரிக்குப் பங்கு, நமக்குப் பங்கு.

ஒரு துண்டுக்கு ஐந்து வடிவம் கொடுக்க வேண்டும். முழுசு, அறுபது விநாடி, முப்பது, பதினைந்து, மெலடி இல்லாதது. முடிவு தேய்ந்து மறையக்கூடாது, ஒரே அடியில் நிற்க வேண்டும். அதற்குப் பட்டன் என்று பெயர். இதெல்லாம் பாதி வேலைதான். மீதிப் பாதி மெட்டாடேட்டா. துண்டின் தலைப்பு, வேகம், வாத்தியம், மனநிலை, எந்தக் காட்சிக்குப் பொருந்தும் என்பதையெல்லாம் ஒரு ஷீட்டில் நிரப்ப வேண்டும். இசை எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஷீட்டில் சொல் சரியில்லை என்றால் அதை யாரும் கண்டெடுக்க மாட்டார்கள். ஆகவே இந்தத் தொழிலில் பொய் சொல்ல வசதியான இடம் அந்த ஷீட்தான்.

லைப்ரரியில் நம் பக்கத்து நாடுகளைப் பார்ப்பவர் யோகன் அண்ணை. யாழ்ப்பாணத்தில் பிறந்து முப்பது வருடத்துக்கு மேல் லண்டனில் இருப்பவர். நான் அனுப்பிய முதல் பத்துத் துண்டுகளைக் கேட்டுவிட்டுப் போன் எடுத்தார்.

"ஐசே, கீபோர்ட்டில சிதார் சத்தம் போட்டு அனுப்பாதையும். அது ஆயிரம் பேர் அனுப்புகினம். உம்மட ஊர்ச் சத்தம் எண்டு ஒண்டும் இல்லையோ?"

என் ஊர்ச் சத்தம். என் அம்மா பிறந்தது கலஹா பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றைக் காம்பிராவில். கல்யாணமாகிக் கண்டி டவுனுக்கு வந்த பிறகு அதை அவர் வெளியில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் "டவுன்" என்பேன். தோட்டத்து மாமாமார் வீட்டுக்கு வந்தால் கூட்டாளிகளை அன்றைக்கு வரவிட மாட்டேன். அப்படிப்பட்டவன், யோகன் அண்ணை கேட்ட அன்றே, லைப்ரரியில் என்னைப் பற்றிய குறிப்பில் 'தேயிலைத் தோட்டத்துப் பறையொலியில் வளர்ந்த கலைஞர்' என்று எழுதினேன். நான் வளர்ந்தது ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில். கேட்டு வளர்ந்தது பஸ் ஹோர்ன்.

3. ஓடைக்கரையில் ஒரு ஞாயிறு

பன்னீர் பிலிமத்தலாவையில் நான் கேபிள் வாங்கும் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறார். நாற்பது வயது இருக்கும். குடியிருப்பது அம்மா பிறந்த அதே தோட்டத்தில். அவரும் இரண்டு தம்பிமாரும் சேர்ந்து தப்பு மேளம் அடிப்பவர்கள் என்று தெரிந்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாக அம்மாவின் தோட்டத்தின் பெயரை நானாக வாய்திறந்து சொன்னேன். பன்னீரின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நீங்க நம்ம ஆளா!" என்றார். அன்றிலிருந்து கடைக்குள் யார் நின்றாலும், மாஸ்டர் நம்ம தோட்டத்து ஆளு என்று அறிமுகப்படுத்துவார். எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் அந்தச் சொல்லால் எனக்கு ஆகவேண்டிய வேலை இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரெக்கோடரையும் மைக்குகளையும் தூக்கிக்கொண்டு கலஹா பஸ்ஸில் போனேன். விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் தீ மூட்டித் தப்பைக் காய்ச்சினார்கள். ஒவ்வொரு அடியும் எதற்கானது என்று பன்னீரே மைக்குக்குக் கிட்ட வந்து சொன்னார். இது கரகம் பாலிக்க, அதாவது அம்மன் கரகத்தைச் சோடித்து எடுத்துவர, போகும்போது அடிப்பது, இது மாப்பிள்ளை அழைப்புக்கு, இப்படி. பதிவுக்கு முன்னால் சொல்லப்படும் இந்தக் குறிப்புக்கு எங்கள் தொழிலில் ஸ்லேட் என்று பெயர். பன்னீருக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் வானொலி அறிவிப்பாளர் போல அழகாகச் செய்தார்.

நாலு அடிகள் முடிந்தன. நல்லவைதான். ஆனால் எனக்கு வேண்டியது ஐந்தாவது. ஒன்பது வயதில், தாத்தாவின் சாவு வீட்டில் ஒரே ஒரு முறை கேட்டது. மெதுவாக, கனமாக, நெஞ்சுக்குள் இறங்கும் அடி. அதை அடிக்கச் சொல்லிக் கேட்டேன்.

பன்னீர் முடியாது என்றார். சாவில்லாத நாளில் சாவு மேளம் அடிப்பதில்லையாம். பழகுகிறவர்கள்கூட அதைத் தோலில் அடித்துப் பழகாமல் தொடையில் தட்டித்தான் பழகுவார்களாம். அடித்தால் அது யாரையாவது கூப்பிடும் என்றார். தம்பிமார் இருவரும் தப்பைக் கீழே வைத்துவிட்டார்கள்.

நான் விடவில்லை. இரண்டு நிமிஷம்தான் என்றேன். வெளிநாட்டுக்காரர்களும் நம் மேளத்தைக் கேட்க வேண்டாமா என்றேன். கடைசியாக, இது எங்க அம்மா பொறந்த மண்ணு பன்னீர், எனக்காக என்றேன். அதற்குமேல் அவரால் மறுக்க முடியவில்லை. லயத்தைத் தாண்டி, மலைச்சரிவில் இறங்கி, ஓடைக்கரைக்குப் போனோம். செருப்பைக் கழற்றி, வீடுகளுக்கு முதுகு காட்டி, நிலத்தைத் தொட்டுக் கும்பிட்டார்கள். துக்கமான காட்சிக்கு மட்டும்தான் இதைப் போட வேண்டும் என்று பன்னீர் வாக்குக் கேட்டார். கொடுத்தேன். அவர் மைக்குக்குக் கிட்ட வந்து ஒன்பது விநாடி பேசினார். பிறகு அடித்தார்கள்.

அடித்து முடித்ததும் மூன்று பேரும் உடுத்த துணியோடு ஓடையில் இறங்கித் தலை முழுகினார்கள். நான் ஹெட்போனைக் கழற்றாமல் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் அளவு மீறிக் கிளிப் ஆகியிருக்கிறதா என்பதுதான் என் கவலை. தலை துவட்டி வந்தவர்களிடம் இங்கிலீஷில் அடித்த ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினேன். சும்மா ஒரு போர்ம் என்றேன். அந்த ஒலியின் மேல் தங்களுக்கு எந்த உரிமையும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது.

4. அறுவடைக் காலை

பதிவுகளைக் கேட்டதும் யோகன் அண்ணைக்கு ஐந்தாவது துண்டுதான் பிடித்தது. அது சாவு வீட்டு அடி என்று நான் அவரிடம் சொன்னேன். அதைச் சொன்னேன் என்பதை இங்கே எழுத வேண்டும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லும் வழியை நானே அன்றைக்கு அடைத்துக்கொண்டேன்.

"சாவு எண்டு போட்டால் ஆர் எடுப்பினம்? வேகத்தைக் கொஞ்சம் ஏத்திப்போட்டுப் பண்டிகை எண்டு போடும். இஞ்ச இருக்கிறவைக்கு எல்லாம் மேளம்தான், ஐசே." பிறகு கொஞ்சம் பொறுத்து, "உமக்கு அது பரவாயில்லையோ?" என்றும் கேட்டார். நல்ல மனிதர்தான். பரவாயில்லை என்றேன்.

வேகத்தை எட்டுப் புள்ளி, அதாவது நிமிஷத்துக்கு எட்டு அடி, ஏற்றினேன். அடியில் பேஸ், மேலே கைமணி. தலைப்பு 'அறுவடைக் காலை'. மனநிலை என்ற கட்டத்தில் மகிழ்ச்சி, பண்டிகை, குடும்பம் என்று நிரப்பினேன். இசையமைத்தவர் கட்டத்தில் என் பெயர். வாசித்தவர் கட்டத்திலும் என் பெயர்தான், ஏனென்றால் கைமணியை நான்தானே வாசித்தேன். முன்னாலிருந்த ஒன்பது விநாடிப் பேச்சை வெட்டினேன். ஸ்லேட்டை வெட்டாமல் யாரும் அனுப்புவதில்லை, அதனால் அப்போது அது எனக்கு உறுத்தவும் இல்லை.

துண்டு ஓடியது. எங்கோ ஒரு நாட்டில் சமையல் நிகழ்ச்சிக்கு எடுத்தார்கள். இன்னொரு நாட்டில் சுற்றுலா நிகழ்ச்சிக்கு. அந்த வருமானத்தில் ஸ்டூடியோ அறைக்கு சீலிங் அடித்தேன். பன்னீரைக் கடையில் காணும்போதெல்லாம், மேளம் வெளிநாடு போயிருக்கிறது என்பேன். எதற்குப் போயிருக்கிறது என்று சொன்னதில்லை. தூரத்துக்காரர்கள் காதில் விழுவதற்குத்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதே லைப்ரரியில் கொழும்பு டீவிக்காரரும் சந்தா கட்டுவார், அவரும் 'பொங்கல்' என்று தேடி, கிடைக்காமல் 'அறுவடை' என்று தட்டுவார் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

5. கதிரையும் குடையும்

பொங்கல் கழிந்து ஆறாம் நாள் தோட்டத்தின் மேல்லயத்தில் ஒரு பெண் இறந்துபோனார். நீண்ட நாளாகப் படுக்கையில் கிடந்தவர். ஆனால் பொங்கல் பானை அடுப்பில் இருக்கும்போது சாவு மேளம் கேட்ட ஊருக்கு அது போதுமாக இருந்தது. யார் அடித்தது என்று தேடவும் வேண்டியிருக்கவில்லை. அங்கே அடியைக் கேட்டாலே ஆளைச் சொல்லிவிடுவார்கள். எட்டுப் புள்ளி வேகம் கூட்டியும் பன்னீரின் கை பன்னீரின் கையாகத்தான் இருந்தது.

கோயில் கமிட்டி அவரை விசாரணைக்குக் கூப்பிட்டது. மாசியில் மாரியம்மன் திருவிழா. கரகத்துக்கு முன்னால் போவது பன்னீரின் அப்பா காலத்திலிருந்து அவர்களுடைய மேளம்தான். அந்த இடம் போய்விடும் என்ற பயத்தில் எனக்குப் போன் எடுத்தார்.

"நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும் மாஸ்டர். நீங்க கேட்டுத்தான் அடிச்சேன்னு."

போனேன். சட்டையை நன்றாக அயர்ன் பண்ணிக்கொண்டு போனேன். கோயில் மண்டபத்தில் இருபது முப்பது பேர் தரையில் இருந்தார்கள். எனக்கு மட்டும் கதிரை போட்டார்கள். கையில் தேத்தண்ணி கொடுத்தார்கள். பன்னீரும் தம்பிமாரும் தூணோரம் நின்றார்கள்.

கமிட்டித் தலைவர் மரியாதையாகத்தான் கேட்டார். பொங்கலுக்கு இந்த மேளம் எப்படிப் போனது? டீவிக்காரர்கள் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றேன். முதல் பொய். சரி, சாவில்லாத நாளில் இவர்கள் ஏன் அடித்தார்கள்? நீங்கள் கேட்டீர்களா?

நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தேன். லைப்ரரியோடு போட்ட ஒப்பந்தம் மனதில் ஓடியது. ஷீட்டில் எழுதிய அத்தனையும் உண்மை என்று கையெழுத்து வைத்திருக்கிறேன். நான் உண்மையை ஒப்புக்கொண்டு, இங்கிருந்து யாராவது டீவிக்கு எழுதி, அங்கிருந்து லைப்ரரிக்குப் போனால் என்னைக் கழித்துவிடுவார்கள். இருக்கிற ஒரே வருமானமும் நின்றுவிடும்.

"ரெக்கோர்டிங்குக்கு எல்லா அடியையும் அடிச்சுக் காட்டினாங்க" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். நான் கெஞ்சியதையும் அவர் மறுத்ததையும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்குப் பன்னீர் தானாக ஆசைப்பட்டு அடித்தது போல இருந்திருக்கும். அப்படி இருக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். தலைவர் பன்னீரைப் பார்த்தார். பன்னீர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆமா, அடிச்சேன். பிழைதான்" என்றார்.

இந்த வருடத் திருவிழாவில் அவர்கள் மேளத்தைத் தொடக்கூடாது, பக்கத்துத் தோட்டத்திலிருந்து வேறு மேளச் செட் கொண்டுவருவது என்று முடிவாயிற்று. நான் எழுந்து வந்தேன். வெளியில் தூறல். என்னிடம் குடை இல்லை. பன்னீர் தன் குடையை விரித்து எனக்குப் பிடித்தபடி பஸ் நிற்கும் இடம் வரைக்கும் வந்தார். அவருடைய வலது தோள் நனைந்துகொண்டே வந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட நான் ஏதாவது சமாளித்திருப்பேன். அவர் கேட்கவில்லை. "பஸ் வருது மாஸ்டர்" என்று மட்டும் சொன்னார். கண்டி வந்து சேரும் வரை என்னால் ஜன்னல் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

6. ஹோர்ன் ஸ்பீக்கர்

மூன்று வாரம் கழித்து யோகன் அண்ணை போன் எடுத்தார். 'அறுவடைக் காலை' மாதிரி இன்னும் பத்துத் துண்டு வேண்டுமாம். வெட்கம் கெட்ட நானும் சரி என்றுவிட்டுப் பழைய ஹார்ட் டிஸ்க்கில் வெட்டாத மூலப்பதிவைத் தேடினேன். பயன்படாத அடிகள் ஏதாவது மிச்சம் இருக்கும் என்ற எண்ணம். ஹெட்போன் வயர் அறுந்திருந்ததால் ஸ்பீக்கரிலேயே போட்டேன். முதலில் ஓடைச் சத்தம் வந்தது. பிறகு பன்னீரின் குரல். அதற்குப் பிறகு இன்னொரு குரல்.

காய்ந்த துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு போன சாந்தி கதவடியில் நின்றாள். "அது உங்க குரல்தானே?" என்றாள்.

ஆம் என்றேன். அன்றைக்குக் கோயிலில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். அவள் துணியை மடித்து முடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். "நீங்க போய்ச் சொல்றீங்களா, இல்ல நான் போய்ச் சொல்லட்டுமா?" என்றாள். ஆகவே இதற்குப் பிறகு நான் செய்ததை என் நல்ல மனசு என்று யாரும் எண்ண வேண்டாம். அப்படியும் பத்து நாள் தள்ளிப்போட்டேன். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட பிறகே பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்த நேரம் கரகம் பாலிக்கப் புறப்பட இருந்தார்கள். காலை பத்து மணி. வெளித்தோட்டத்து செட் தீயில் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. பன்னீரும் தம்பிமாரும் பைப்படியில் அன்னதானத்துக்குத் தண்ணீர் பிடித்துப் பீப்பாவில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தலைவரிடம் போய், நான் அன்றைக்குச் சொன்னது பொய் என்றேன். போனை எடுத்து, இதைக் கொஞ்சம் கேளுங்கள் என்று அவர் காதருகே நீட்டினேன். அவர் போனைத் தள்ளிவிட்டார்.

"அவன எல்லாருக்கும் முன்னால வச்சுத்தான் கேட்டோம். இதையும் எல்லாரும் கேக்கட்டும்."

மைக் செட்காரரைக் கூப்பிட்டு என் போனை வயரில் மாட்டச் சொன்னார். ஹோர்ன் ஸ்பீக்கர் பலாமரத்தில் கட்டியிருந்தது. மேல்லயம் கீழ்லயம் இரண்டுக்கும் கேட்கும்.

"இது சாவுக்கு அடிக்கிறது. மாஸ்டர் கேட்டதுக்காக அடிக்கிறேன். நல்ல காரியத்துக்குப் போட மாட்டேன்னு சொல்லியிருக்காரு." இது பன்னீர். அடுத்தது என் குரல், சிரித்துக்கொண்டே: "யாருக்குத் தெரியப் போவுது பன்னீர், அடிங்க."

அதோடு நின்றது. கரக நாளில் அந்த மேளம் ஒலித்துவிடக்கூடாது என்று, இந்த முறை மேளத்தை வெட்டிவிட்டுப் பேச்சை மட்டும் கொண்டுபோயிருந்தேன். என் சிரிப்பு மலைச்சரிவில் பட்டு ஒரு தரம் திரும்பி வந்தது. பால்குடம் தூக்க நின்ற பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தவர்களில் சிலர் என் அம்மாவின் சொந்தக்காரர்கள். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

தலைவர் பன்னீரைக் கூப்பிட்டு, போய் மேளத்தை எடுத்து வா என்றார். ஒரு தம்பி லயத்துக்கு ஓடினான். வெளிச்செட்டின் மூத்தவர் தீக்குப் பக்கத்தில் விலகி இடம் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு ஒங்களுக்குக் கதிரை போட்டோமே மாஸ்டர்" என்றார்.

கரகம் புறப்பட்டது. பன்னீர் முன்னால் போனார். நான் பைப்படியில் அரைகுறையாக நிரம்பியிருந்த பீப்பாவுக்குத் தண்ணீர் பிடித்து ஊற்றினேன். யாரும் செய்யச் சொல்லவில்லை, செய்ய வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

7. கேட்கிறவர்களுக்கு

லைப்ரரிக்கு உண்மையை எழுதினேன். யோகன் அண்ணை, "உமக்கென்ன விசரே?" என்று கத்தினார். ஆனாலும் தன்னால் ஆனதைச் செய்தார். ஒப்பந்தம் நிரந்தரமானது, துண்டைத் திரும்பப் பெற முடியாது. தலைப்பை மாற்றினார்கள். மனநிலைக் கட்டத்தில் துக்கம் என்று போட்டார்கள். வாசித்தவர் கட்டத்தில் பன்னீரின் பெயரும் தம்பிமாரின் பெயர்களும் ஏறின. என்னைக் கழிக்கவில்லை. நான் பயந்தது எதுவுமே நடக்கவில்லை என்பதை நினைத்தால் இன்னும் கேவலமாக இருக்கிறது. மாற்றிய பிறகு அதை ஒருவரும் எடுக்கவில்லை. ஆனால் முன்பே எடுத்து வைத்திருப்பவர்களிடம் பழைய தலைப்பிலேயே இருக்கிறது. எங்கேயாவது போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் பட்டியலில் தெரியும். போன தடவை, ஏதோ ஒரு நாட்டில் பிறந்தநாள் கேக் செய்யும் நிகழ்ச்சி.

எந்த மைக் நல்லது, மாதத்துக்கு எத்தனை துண்டு ஏற்ற வேண்டும் என்று இளையவர்கள் கேட்கிறார்கள். அதெல்லாம் தானாகப் பிடிபடும். நான் சொல்வது ஒன்றுதான். ஒருவர் அடிப்பதற்கு முன்னால் சொன்னதை வெட்டி எறியாதீர்கள். ஷீட்டை நிரப்பும்போது அதை ஒருமுறை ஸ்பீக்கரில் போட்டு, வீட்டிலிருப்பவர்கள் காதிலும் விழும்படி கேளுங்கள். கேட்கக் கூசினால் அந்தத் துண்டை ஏற்றாதீர்கள்.

கேபிள் வாங்க இன்றைக்கும் பிலிமத்தலாவைக்குத்தான் போகிறேன். வேறு கடைக்குப் போனால் அது இன்னும் பெரிய கோழைத்தனம். பன்னீர் எப்போதும் போல மரியாதையாக அளந்து வெட்டிச் சுருட்டிக் கொடுக்கிறார். போன மாதம் புதிதாக வந்த கேஷியர் அம்மா என்னைக் காட்டி, ஐயா யார் என்று அவரிடம் கேட்டார். நான் சில்லறையை எண்ணுவது போல நின்றேன்.

"கீபோர்ட் மாஸ்டர்" என்றார் பன்னீர். "டவுன் ஆளு."

சின்ன வயதிலிருந்து நானே எல்லோரிடமும் சொல்லிவந்த பதில்தான் அது. சுருட்டிய கேபிளை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.